முதல் ராம்போவைத் தனியாக வையுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

எண்பதுகளின் ஆங்கில அதிரடிப் படங்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஓரிடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. ராம்போ படங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, துப்பாக்கியும் புஜபலமும் என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். 1982இல் வந்த முதல் படம் 'ஃபர்ஸ்ட் பிளட்' அந்தக் கணக்கில் வராது. கட்டுரை படித்த சூட்டோடு அதை மறுபடி பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சண்டையே ஒரு வேளைச் சாப்பாட்டில்தான் ஆரம்பிக்கிறது. வியட்நாம் போரில் கூட இருந்த நண்பனைத் தேடி வருகிறான் ராம்போ. நண்பன் புற்றுநோயில் போய்விட்டான் என்று தெரிகிறது. பசியோடு பக்கத்து மலையூருக்குள் நடப்பவனை ஊர்க் காவல் அதிகாரியான ஷெரிஃப் தன் காரில் ஏற்றிக்கொண்டுபோய், ஊருக்கு வெளியே இறக்கிவிடுகிறார். சாப்பாட்டுக் கடை முப்பது மைல் தள்ளி இருக்கிறதாம்! அவன் திரும்பி ஊரைப் பார்க்க நடக்கிறான். செய்த குற்றம் அவ்வளவுதான்.

சீசன் நேரத்து ஊட்டி தெரிந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டாம். சேரிங் கிராஸில் தாடியும் அழுக்கு மூட்டையுமாக ஒருவர் நின்றால், மேட்டுப்பாளையம் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்காமலே வழி சொல்லும் புண்ணியவான்கள் நம்மிடமும் உண்டு.

அப்புறம் அந்த மலை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், ஹோப் என்ற ஊரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் எடுத்த படம். இயக்குநர் டெட் கோட்செஃப் குளிரை அழகுக்காகக் காட்டவில்லை. கைதாகி, காவல் நிலையத்திலிருந்து தப்பிப் பனியனோடு காட்டுக்குள் ஓடியவன் முதல் காரியமாகப் போர்த்திக்கொள்ள ஏதாவது தேடுகிறான். அகப்பட்ட பழைய கித்தானில் கத்தியால் ஓட்டை போட்டுத் தலையை நுழைத்து, கயிற்றால் கட்டிக்கொள்கிறான். மழையில் படங்கு கட்டிக்கொண்டு கொழுந்து எடுப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த இடத்தில் பொய் தெரியவில்லை.

திரையில் நிச்சயமாகச் சாவது ஒரே ஒருவர். ஹெலிகாப்டரிலிருந்து அவனைக் குறிபார்த்துச் சுட்ட காவலர், அவன் எறிந்த கல்லில் ஹெலிகாப்டர் ஆட்டம் கண்டதும் தவறி விழுகிறார். 1985இல் வந்த இரண்டாம் பாகத்தில் பிணங்களை எண்ணி மாளாது.

என்னோடு பார்த்தவர் பக்கத்து வீட்டு அண்ணன். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் பயிற்சி பெற்று, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். இப்போது ஒரு ரிசார்ட் வாசலில் செக்யூரிட்டி. சண்டைக் காட்சிகளின்போது, "இதெல்லாம் சினிமா" என்று எழுந்து டீ போடப் போய்விட்டார். கடைசியில் தன் பழைய ராணுவ அதிகாரி கர்னல் ட்ராட்மன் முன்னால், ராம்போவாக நடித்த ஸ்டாலோன் உடைந்து அழும் இடத்தில்தான் வந்து உட்கார்ந்தார். போரில் பத்து லட்சம் டாலர் சாதனங்களை என் கையில் கொடுத்தார்கள், இங்கே கார் நிறுத்துகிற வேலைகூட நிலைக்கவில்லை என்கிறான் அவன். "எனக்கு அந்த வேலையாவது கிடைச்சுது தம்பி" என்று சிரித்தார் அண்ணன்.

டேவிட் மோரெல் 1972இல் எழுதிய மூல நாவலில் ராம்போ இறந்துவிடுகிறான். படத்துக்கும் அப்படி ஒரு முடிவை எடுத்தார்கள்; முன்னோட்டம் பார்த்தவர்களுக்குப் பிடிக்காததால் மாற்றிவிட்டார்கள். அவன் பிழைத்துக்கொண்டதால் 2019 வரை மேலும் நான்கு படங்கள் வந்தன. அந்த நான்கையும் எப்படி வேண்டுமானாலும் கிண்டல் செய்யுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குன்னூர்.