விளம்பரத்தில் சொன்னதை எழுதித் தருவார்களா?

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. உன் பள்ளிப் பிள்ளைகள் மாவட்டப் போட்டியில் ரிலே ஜெயித்ததைப் படித்து, பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்தக் கடைசி ஓட்டக்காரியை விட்டுவிடாதே. அவள் கால் வீச்சைப் பற்றி நீ எழுதியதைப் பார்த்தால் 400 மீட்டருக்குப் பிறந்தவள் மாதிரி இருக்கிறது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலிதான் விட்டபாடில்லை. இவருக்கு மார்ச்சில் ஓய்வு. அதன்பின் ஊர்ப்பக்கமே வந்துவிடலாம் என்கிறார்.

உன் கேள்விக்கு வருகிறேன். ஒரு ஷூ கம்பெனி உன் மாணவிகள் இரண்டு பேருக்கு ஸ்பைக்ஸும் (அடியில் ஆணி வைத்த ஓட்டக் காலணி) மாதச் செலவும் தருவதாகச் சொல்கிறது, பதிலுக்கு அவர்கள் படத்தைப் போட்டுக்கொள்ளும் என்று எழுதியிருக்கிறாய். கூடவே, செரீனா வில்லியம்ஸ் குரல் கொடுத்த நைக்கி விளம்பரத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியதையும், நீயே அழுதுவிட்டதையும் சொல்லியிருக்கிறாய். 2019 பிப்ரவரியில் ஆஸ்கர் விழா ஒளிபரப்பில் வந்தது அது. பெண் கோபப்பட்டால் பைத்தியம் என்கிறார்கள், ஆசைப்பட்டால் பைத்தியம் என்கிறார்கள் என்று தொடங்கி, பிள்ளை பெற்று மறுபடி களத்துக்கு வந்த செரீனாவையும் காட்டும். எனக்கும் நெஞ்சை அடைத்தது. ஆனால் அந்த வருடம் மே மாதம் நடந்ததையும் உன் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்னையர் தினத்தன்று நியூயார்க் டைம்ஸில் அலிசியா மொன்டான்யோ பேசினார். 2014-ல் சாக்ரமென்டோவில் நடந்த அமெரிக்க தேசியப் போட்டியில் 34 வார வயிற்றோடு 800 மீட்டர் ஓடியவர் இவர்தான். உலகமே படம் எடுத்துப் போட்டுக் கொண்டாடியது. குழந்தை பெற்றுக்கொண்டால் என்னவாகும் என்று அதற்கு முன்பே, தன்னோடு ஒப்பந்தம் போட்டிருந்த நைக்கியிடம் கேட்டிருக்கிறார். ஒப்பந்தத்தை நிறுத்திவைப்போம், பணம் வராது என்று பதில் வந்ததாகச் சொன்னார். ஆஸிக்ஸ் என்ற இன்னொரு ஷூ கம்பெனிக்கு மாறினார், அங்கேயும் பிரசவத்துக்குப் பிறகு பணத்தை நிறுத்துவதாக மிரட்டல் வந்தது என்றார். ஆக, இது ஒரே ஒரு கம்பெனியின் குணம் இல்லை. மாரத்தான் ஓடும் காரா கவுச்சர் சொன்னதைப் படித்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுபடி போட்டியில் ஓடும்வரை பணம் கிடையாது என்பதால், பிரசவமான மூன்றே மாதத்தில் அரை மாரத்தானுக்குத் தயாரானார். பச்சைக் குழந்தைக்கு உடம்பு மோசமாகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அதை விட்டுவிட்டு ஓடப் போயிருக்கிறார். அதற்காகத் தன்னை மன்னிக்கவே மாட்டேன் என்கிறார்.

இது எப்படி நடக்கிறது தெரியுமா? அமெரிக்காவில் தடகளக்காரர்களுக்குப் பெரிய வருமானம் பரிசுப் பணத்தில் வருவதில்லை, ஷூ கம்பெனி தரும் ஆண்டுத் தொகைதான். ஆனால் அவர்கள் அந்தக் கம்பெனியின் ஊழியர்கள் இல்லை, ஒப்பந்தக்காரர்கள். தரவரிசை இறங்கினால், குறிப்பிட்ட எண்ணிக்கையில் போட்டிகளில் ஓடாவிட்டால், தொகையை வெட்டலாம் என்று ஷரத்து இருக்கும். கர்ப்பம் என்ற சொல் அதில் வரவே வேண்டாம். ஓடவில்லை என்பதே போதும். வெளியே பேசக் கூடாது என்றும் ஒரு ஷரத்து. அதனால்தான் இத்தனை வருடம் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அந்த நாட்டில் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு தரச் சொல்லி மத்தியச் சட்டமும் கிடையாது. நம் ஊரில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் சேர்ந்த பெண்ணுக்கு, ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஊழியர் என்ற முறையில் பேறுகால விடுப்பு உண்டு. நம்மிடம் ஆயிரம் குறை இருக்கலாம். இந்த ஒன்றில் நம் பிள்ளைகளுக்குக் காலூன்ற இடம் இருக்கிறது.

மொன்டான்யோ பேசிய பத்து நாளில், அதே பத்திரிகையில் அமெரிக்க ஓட்டக்காரி அலிசன் ஃபீலிக்ஸ் எழுதினார். அப்போதே ஆறு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். 2017 டிசம்பரில் நைக்கி ஒப்பந்தம் முடிந்தது. புதியதற்கு 70 சதவீதம் குறைத்துப் பேசினார்கள். அதற்கு நடுவில் கர்ப்பமானார். வயிறு தெரிந்தால் பேச்சே முறிந்துவிடும் என்று பயந்து, விடியுமுன் இருட்டில் பயிற்சி செய்தாராம். ஆறு தங்கம் வாங்கியவள் ஒளிந்து ஓடியிருக்கிறாள், சாந்தி! கடுமையான ரத்தக் கொதிப்பு வந்து 32-ஆவது வாரத்தில் அவசர அறுவை சிகிச்சை. 2018 நவம்பரில் மகள் பிறந்து வாரக்கணக்கில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள்.

பணம் குறைந்ததைக்கூட ஏற்றுக்கொண்டிருப்பேன் என்றே எழுதியிருந்தார் அவர். கேட்டது ஒரே ஒரு வரி: பிரசவத்தை ஒட்டிய மாதங்களில் சரியாக ஓட முடியாவிட்டால் தண்டிக்க மாட்டோம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நைக்கி மறுத்தது. இந்த இழுபறிக்கு நடுவிலேயே, பெண்களின் வலிமையைப் போற்றும் ஒரு விளம்பரத்துக்குத் தன்னைக் கேட்டார்கள் என்றும் பிற்பாடு சொன்னார். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் தாய்மை படத்துக்கு வேண்டும், காகிதத்தில் வேண்டாம்.

2018 செப்டம்பரில் அமெரிக்கக் கால்பந்து வீரர் கொலின் கேப்பர்நிக்கை வைத்து நைக்கி போட்ட விளம்பரத்தையும் உதாரணம் காட்டியிருந்தாய். கறுப்பினத்தவருக்கு நடக்கும் அநீதிக்காகத் தேசிய கீதத்தின்போது மண்டியிட்டவர், எந்த அணியும் சேர்த்துக்கொள்ளாமல் நின்றவர். அவரை முகமாக வைத்ததற்காகச் சிலர் ஷூக்களைக் கொளுத்தினார்கள். கம்பெனிக்கு நஷ்டம் வரவில்லை, சில நாளிலேயே பங்கு விலை புதிய உச்சத்தைத் தொட்டது. அந்த விளம்பரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் குரல் பல கோடிப் பேருக்குப் போய்ச் சேர்ந்தது உண்மை. ஆனால் அடுத்தவர் செய்த தியாகத்தைச் சுவரொட்டியில் போடுவதும், நம் கைக்காசு போகும் இடத்தில் நியாயமாக நடப்பதும் வேறு வேறு.

சத்தம் போட்டதற்குப் பலன் இருந்தது. அந்த மே மாதமே புரூக்ஸ், ஆல்ட்ரா போன்ற சில கம்பெனிகள் பிரசவப் பாதுகாப்பை ஒப்பந்தத்தில் சேர்ப்பதாக அறிவித்தன. ஆகஸ்டில் நைக்கியும் இறங்கி வந்தது. கர்ப்பத்தை ஒட்டிய 18 மாதங்களுக்குத் தொகையைக் குறைக்க மாட்டோம் என்று ஒப்பந்தங்களை மாற்றியது. அதற்குள் ஃபீலிக்ஸ் அத்லெட்டா என்ற பெண்கள் உடைக் கம்பெனிக்குப் போய்விட்டார். 2021-ல் அண்ணனோடு சேர்ந்து சேஷ் என்று சொந்தமாகவே ஒரு ஷூ கம்பெனி தொடங்கி, அந்த ஸ்பைக்ஸையே போட்டு டோக்கியோவில் ஓடினார். 35 வயதில் 400 மீட்டரில் வெண்கலம், ரிலேயில் தங்கம். இன்னொன்று உனக்குப் பிடிக்கும். கர்ப்பகாலத்தில் பாதம் பெரிதாகிவிடுகிறது அல்லவா? தங்கள் ஷூ வாங்கியவர்களுக்கு அப்படி ஆனால், பெரிய அளவில் புது ஜோடி தருவதாக 2022-ல் அந்தக் கம்பெனி அறிவித்தது. அதுவும் விளம்பரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வலியைப் பட்டவள் யோசித்தது.

நம் கல்லூரி ரிலே அணியை நினைத்துக்கொண்டேன். நாலு பேரில் கல்யாணத்துக்குப் பிறகு மைதானத்தை மிதித்தது நீ ஒருத்திதான், அதுவும் வேலை அங்கே இருந்ததால். மற்றவர்களை யாரும் தடுக்கவில்லை. திரும்பி வாருங்கள் என்று கூப்பிடவும் ஆள் இல்லை.

அதனால் அந்தக் கம்பெனிக்காரர்களை விரட்ட வேண்டாம். நல்ல ஸ்பைக்ஸ் விற்கும் விலைக்கு உன் பிள்ளைகளால் வாங்க முடியாது, எனக்குத் தெரியும். ஆனால் வாய்ப்பேச்சில் விடாதே. எத்தனை வருடம், அடிபட்டு ஒரு பருவம் ஓட முடியாவிட்டால் பணம் நிற்குமா, ஒப்பந்தம் முடிந்த பிறகும் படத்தைப் பயன்படுத்துவார்களா, வெளியே பேசக் கூடாது என்று ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்கு. பிள்ளைகள் 18 வயதுக்குக் குறைந்தவர்கள், பெற்றோர் உட்கார்ந்து படித்துக் கையெழுத்துப் போடட்டும். அது ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் தமிழிலும் ஒரு படி கேள். தலைமையாசிரியையிடமும் முன்கூட்டிச் சொல்லிவை. தாளை எனக்கும் படம் எடுத்து அனுப்பு, என் மருமகன் வக்கீல், பார்த்துச் சொல்வார்.

மண்டலப் போட்டி தேதி தெரிந்ததும் எழுது. முடிந்தால் வருகிறேன்.

அன்புடன்,
மல்லிகா