எங்கள் பங்கை மணலாகவே கட்டிவிட்டோம்

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தாருக்கும், வடசென்னை வளர்ச்சித் திட்டத்தின் பணத்தை எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். திருவொற்றியூரிலிருந்து எழுதுகிறேன். எண்ணூர் விரைவுச் சாலைக்குக் கிழக்கே, அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் வரிசைகளான தூண்டில் வளைவுகளுக்கு நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக மணல் சேர்ந்திருக்கும் இடத்தில் எங்களுக்கு ஒரு கடற்கரைப் பூங்கா வேண்டும். அதற்கான மொத்தச் செலவையும் அரசு மானியமாகவே தர வேண்டும். கேட்பது இவ்வளவுதான். ஏன் மானியமாகவே கேட்கிறோம் என்பதைச் சொல்லத்தான் மடல் நீள்கிறது.

என் பாட்டி வீடு குப்பத்தில் கடைசி வரிசைக்கு முந்தின வரிசை. எனக்கு விவரம் தெரிந்தபோது கடைசி வரிசை போயிருந்தது. அப்புறம் ஓர் ஐப்பசியில் பாட்டி வீட்டுத் திண்ணை போனது, அடுத்த வருஷம் வீடு. கிணறு மட்டும் போகவில்லை. சுற்றியிருந்த மணலை அலை இழுத்துக்கொண்டு போக, உறைக்கிணறு ஆள் உயரத்துக்கு வெளியே வந்து, ஆலைப் புகைக்கூண்டு மாதிரி தண்ணீருக்குள் நின்றது. அதன்மேல் காக்கை உட்கார்ந்திருக்கும். சிமென்ட் உறைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழ இரண்டு மழைக்காலம் ஆயிற்று. தரைக்குள் இருக்க வேண்டிய கிணற்றைத் தரைக்கு வெளியே பார்த்தவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர் உண்டு.

கடல் ஏன் இப்படிச் செய்தது என்று பாட்டி கேட்கவில்லை. அவளுக்குக் கடல் என்றால் அப்படித்தான். காரணம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நம் கரையில் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் அலை தெற்கிலிருந்து சாய்வாக வந்து மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வாடை அடிக்கும் மாதங்களில் அது தெற்கே திரும்பும், ஆனால் கொஞ்சம்தான். 1875-ல் மதராஸ் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டிக் கடலுக்குள் கற்சுவர் கட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் அதை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். வடக்கே வர வேண்டிய மணல் அந்தச் சுவரின் தெற்கில் தங்க ஆரம்பித்தது. தங்கிய மணல்தான் மெரினா.

மெரினா எதிரே இருக்கும் ஐஸ் ஹவுஸை 1842-ல் கட்டியபோது, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும் பனிக்கட்டியை உருகுவதற்குள் இறக்கி வைக்க வேண்டும் என்று கடலோரத்தில்தான் கட்டினார்கள். இன்று அங்கிருந்து அலையில் கால் நனைக்கப் போனால் மணலில் நடந்தே மூச்சு வாங்கும். இந்த மணல் சேரத் தொடங்கிய காலத்தில் ஆளுநர் கிராண்ட் டஃப் 1884-ல் அங்கே ஒரு நடைபாதை போட்டு, சிசிலித் தீவில் பார்த்த கடற்கரையை நினைத்து மெரினா என்று பெயர் வைத்தார். அவர் நடைபாதை போட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், துறைமுகச் சுவருக்கு வடக்கே ராயபுரத்திலிருந்து கரை கரைய ஆரம்பித்தது. பிறகு காசிமேடு, பிறகு நாங்கள். மெரினாவில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. நானும் சாப்பிட்டிருக்கிறேன். காணும் பொங்கலுக்கு வடசென்னையே அங்கேதானே போகிறது? ஆனால் உட்கார்ந்திருப்பது எங்கள் மணல்மேல் என்பதும் எனக்கு மறப்பதில்லை.

எனவே, பூங்காவுக்கு 'மக்கள் பங்களிப்பு' என்று தயவுசெய்து கேட்காதீர்கள். நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை ஊரார் போட வேண்டும் என்று விதி. நல்ல விதிதான், வசதியுள்ள காலனிகளுக்குச் சரி. எங்கள் பங்கை நாங்கள் வீடாகவும் கிணறாகவும் மணலாகவும் நூறு வருஷத்துக்கு மேலாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். வடசென்னைக்கு என்று 2023 பட்ஜெட்டில் 1,000 கோடி அறிவித்தீர்கள், 2024 மார்ச்சில் திட்டத்தைத் தொடங்கியபோது அது 4,181 கோடி ஆனது. அதே 2023-ல் உலக வங்கி உதவியோடு, கடற்கரையை மீட்க என்று நெய்தல் மீட்சி இயக்கமும் அறிவிக்கப்பட்டது. இவற்றில் எந்தத் தலைப்பில் இருந்து எடுத்தாலும் எங்களுக்குச் சம்மதம். கடனாக வேண்டாம், தனியாருக்குக் குத்தகை விட்டு நுழைவுக் கட்டணத்தில் வசூலிக்கிற ஏற்பாடும் வேண்டாம். சுற்றியுள்ள ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதி வந்தால் வரட்டும், ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். 2000-க்குப் பிறகு போட்ட தூண்டில் வளைவுகள் அரிப்பை ஓரளவு நிறுத்தின, அதை மறுக்க மாட்டேன். காசிமேட்டில் இரண்டு வளைவுகளுக்கு நடுவில் மணல் சேர்ந்து, பக்கத்துக் காவல் நிலையத்தின் பெயராலேயே என்-4 பீச் என்று ஆகிவிட்டது. எங்கள் பக்கமும் அங்கங்கே துண்டு துண்டாக மணல் உண்டு. மற்ற இடமெல்லாம் கருங்கல், ஒவ்வொன்றும் ஒரு பீரோ அளவு. சாயங்காலம் பெரியவர்கள் அதன்மேல் துண்டு விரித்து உட்காருகிறார்கள். பையன்கள் மணல் துண்டில் கிரிக்கெட் ஆடுகிறார்கள், பந்து கல் இடுக்கில் விழுந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. கையை விட்டு எடுக்கப் போய் முழங்கை வரை சிராய்த்துக்கொண்டவர்கள் தெருவுக்கு இரண்டு பேர். பெண்கள் கருவாட்டைச் சாலையோரத்தில் காயப்போடுகிறார்கள், கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதி அதன்மேல் இறங்குகிறது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரைக்கு வந்தபோது, ஊர்ப் பையன்களும் தன்னார்வலர்களும் அந்தக் கல் இடுக்குகளில் நின்று வாளியால் அள்ளினார்கள். தண்ணீர் வரை ஒழுங்காக இறங்க ஒரு படிக்கட்டு கிடையாது.

பட்டினத்தார் சமாதி எங்கள் ஊரில்தான் இருக்கிறது. இங்கே பிள்ளைகளோடு மணலில் விளையாடுவார், ஓரிடத்தில் புதைந்து இன்னோரிடத்தில் எழுந்து வருவார், கடைசியில் ஒருநாள் எழாமல் லிங்கமாகிவிட்டார் என்பது கதை. பேத்தியிடம் சொன்னேன். "கல்லுக்குள்ள எப்படித் தாத்தா புதைவாரு?" என்று கேட்டாள்.

சரி, எப்படிப்பட்ட பூங்கா? பூங்கா என்றதும் ஊரின் பெயரைப் பெரிய எழுத்தில் நிறுத்தி வைக்கும் செல்ஃபி பலகை வேண்டாம். நீரூற்று வேண்டாம், பளபளக்கும் கிரானைட் வேண்டாம். உப்புக் காற்றில் இரும்புக் கம்பி வேலி எத்தனை நாள் தாங்கும் என்பது உங்கள் பொறியாளர்களுக்கே தெரியும். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியை மூன்று முறை மாற்றிவிட்டேன். மணலைப் பிடித்து வைக்க அடப்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் போதும், காசு கொடுத்து வாங்க வேண்டியதுகூட இல்லை. நிழலுக்குப் பூவரசும் புன்னையும். உட்காரத் திண்ணை. சக்கர நாற்காலி தண்ணீர் ஓரம் வரை போகிற மாதிரி ஒரு சாய்தளம். கதவுக்குத் தாழ்ப்பாளும் உள்ளே தண்ணீரும் உள்ள கழிப்பறை. விடியற்காலை மூன்று மணிக்கு ஏலத்துக்குக் கிளம்பும் மீன்காரம்மாக்களைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வார்கள். காலையில் திறந்து மதியம் பூட்டுகிற பூங்காவாக இருந்தால் அது எங்களுக்கு இல்லை. வலை பின்னுகிறவர்களுக்கு நிழல் வேண்டியது மதியம்தான்.

அந்த வலைக்காரர்களைப் பற்றி ஒன்று. 'அழகுபடுத்துதல்' என்ற சொல்லைக் கேட்டாலே குப்பத்தில் வயிற்றைக் கலக்கும். இன்றைக்குப் பூச்செடி வைப்பார்கள், நாளைக்குப் படகை எடு என்பார்கள் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் ஆதாரமில்லாதது என்று என்னால் அவர்களிடம் சொல்ல முடியவில்லை. படகு ஏற்றும் இடம், வலை காயவைக்கும் இடம், கருவாட்டு மேடை ஆகிய மூன்றையும் ஊர்ப் பஞ்சாயத்தாரோடு உட்கார்ந்து வரைபடத்தில் முதலில் குறியுங்கள். மிச்சம் இருப்பது பூங்கா. 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் கடற்கரையில் தற்காலிக வசதிகளுக்குத்தான் இடம் கொடுக்கிறது. அதனால் கான்கிரீட் ஆசை யாருக்காவது இருந்தால் அது அங்கேயே நின்றுவிடும் என்று நம்புகிறேன்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். பூங்காவைக் காப்பாற்ற என்று சொல்லி இன்னொரு கல் வரிசை போட்டுவிடாதீர்கள். இங்கே மணலைப் பிடித்தால் வடக்கே எண்ணூர்க் குப்பங்களுக்குப் போகும் மணல் குறையும். துறைமுகம் எங்களுக்குச் செய்ததை நாங்கள் அவர்களுக்குச் செய்ய மாட்டோம். புதுச்சேரியிலும் துறைமுகத்தால் கடற்கரை போயிற்று. தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார் கடலுக்கடியில் ஆப்பு வடிவத்தில் ஓர் அமைப்பை இறக்கிய பிறகு மணல் திரும்பியது, நான் போய் நின்று பார்த்தேன். எங்கள் கரைக்கு அது பொருந்துமா, அல்லது தெற்கே சேர்ந்த மணலைக் குழாய் வழியாக வடக்கே கொண்டுவருவது நல்லதா என்பதை அவர்கள்தான் ஆராய்ந்து சொல்ல வேண்டும். அவர்கள் அலுவலகம் பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது. அந்த ஆய்வுக்கும் சேர்த்து நிதி ஒதுக்குங்கள். பராமரிப்புக்குப் பத்து வருஷத்துக்கான பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். திறப்பு விழாவன்று எரிந்த விளக்கு அடுத்த ஆடியில் எரிவதில்லை என்பதைப் பல இடங்களில் பார்த்தாயிற்று.

முடிவெடுப்பதற்கு முன் ஒருமுறை வந்து பாருங்கள். கார் வேண்டாம், லாரி வரிசையில் மாட்டிக்கொள்வீர்கள். மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடியில் இறங்கிக் கிழக்கே நடந்தால் போதும். சாலையைக் கடக்கும்போது மட்டும் பார்த்து வாருங்கள். நாலரைக்கு மேல் வெயில் இறங்கிவிடும். நனைந்தாலும் பரவாயில்லை என்கிற செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். வருகிற நாளை முன்னதாகச் சொன்னால், பெரியவர்களிடம் சொல்லி உட்காரத் தோதான கல்லாக இரண்டு பிடித்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
திருவொற்றியூர்க்காரன் ஒருவன்