உவரிக்கு மிதவை மேடை வருமா?

உவரி

அன்புள்ள சுடலைமுத்து,

கடிதமும் படங்களும் வந்தன. உன் மகளுக்கு வேலை கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அவன் எப்பம் ஊருக்கு வாரானாம்?" என்று அதை மட்டும் கேட்டாள்.

உன் குஜராத்துக் கோகா துறைமுகத்தில் லாரிகள் மிதவை மேடை வழியாகக் கப்பலேறுவதைப் பார்த்துவிட்டு, நம்ம ஊரிலும் ஒன்று போட்டால் வலையும் மீனும் ஏற்றி இறக்கலாமே என்று எழுதியிருக்கிறாய். பிளாஸ்டிக் பெட்டிகளைக் கோத்துக் கட்டும் மேடையின் விளம்பரத்தையும் பார்த்தேன். பெட்டி அரை மீட்டர் சதுரம், 40 செ.மீ. உயரம். முழுக்க அமுங்கினால் 100 லிட்டர் தண்ணீரை விலக்கும். தன் எடை போக 90 கிலோவாவது தாங்கும். சதுர மீட்டருக்கு நாலு பெட்டி, அதாவது 360 கிலோ. கால் நனையாமல் நிற்க வேண்டும் என்றால் அதில் பாதிதான் ஏற்றலாம். மீன் கூடைக்கும் ஐஸ் பெட்டிக்கும் ஆளுக்கும் அது தாராளம்.

ஆனால் உன் கடல் வேறு, என் கடல் வேறு. கோகா இருக்கும் காம்பே வளைகுடாவில் ஏற்றவற்றம், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்கும் அளவு, பத்து மீட்டர் வரை போகும். காலையில் ஜெட்டிக்குச் சமமாக நின்ற கப்பல் மத்தியானம் மூன்று மாடி கீழே கிடக்கும். அங்கே மிதவை இல்லாமல் முடியாது. இங்கே ஏற்றவற்றம் ஒரு மீட்டர்கூடத் தேறாது. நமக்குத் தொல்லை அலைதான், அதிலும் கள்ளக்கடல். தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடிக்கும் புயலில் பிறந்து, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து ஏறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கொண்டுபோனதும் அதுதான்.

15 விநாடிக்கு ஒன்றாக வரும் அலைக்கு ஆழ்கடலில் முகட்டுக்கும் முகட்டுக்கும் இடையே 350 மீட்டர். அங்கே மேடை போட்டால் சும்மா ஏறி இறங்கும், நம்ம வள்ளத்தைப் போல. கரை நெருங்க நெருங்க அதே அலை குறுகி, உயர்ந்து, மடிந்து விழுகிறது. நீ மேடை கேட்கும் இடம் சரியாக அந்த மடிப்பில் இருக்கிறது! பெட்டி அவ்வளவு சீக்கிரம் உடையாது. பெட்டிகளைக் கோக்கிற முளையும் காதும் பிய்யும், இல்லாவிட்டால் நங்கூரச் சங்கிலி வெடுக்கென்று இழுபட்டு அறும். 2023 செப்டம்பரில் கூடங்குளத்துக்கு ஸ்டீம் ஜெனரேட்டர் ஏற்றி வந்த மிதவைக் கப்பலே இழுவைக் கயிறு அறுந்து பாறையில் ஏறிக்கொண்டது. அது எத்தனை நூறு டன் இரும்பு!

ஆகவே முதலில் தூண்டில் வளைவு, அதாவது அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் போட்டு வளைத்துக் கட்டும் சுவர். அப்புறம் மேடை. வளைவுக்கு உள்ளே தண்ணீர் அடங்கிக் கிடக்கும் இடத்தில் நீ சொல்வது தாராளமாக நிற்கும். டிராக்டர் வைத்துப் படகு இழுக்கிற செலவும் குறையும். தூத்துக்குடி ஸ்பிக் உர ஆலையின் நீர்த்தேக்கத்தில் 2022 முதல் சோலார் தகடுகள் மிதந்துகொண்டிருக்கின்றன. அலை இல்லாத தண்ணீர் என்பதால் அங்கே பிரச்சினை இல்லை.

இன்னொன்றும் தோன்றியது. நம் திருநெல்வேலி மாவட்டத்தில் உண்மையான ஏற்றவற்றம் அணையில்தான் இருக்கிறது. பாபநாசம் அணை நிறைந்தால் 143 அடி. கோடையில் எங்கே இறங்கும் என்று உனக்கே தெரியும். அந்த அணையில் பாணதீர்த்த அருவிக்குப் படகேறப் பாறையில் வழுக்கி வழுக்கி இறங்கினோமே, அங்கே ஒரு மிதவை மேடை இருந்திருந்தால் உன் செருப்பு தப்பியிருக்கும். வனத்துறை அந்தப் படகை நிறுத்தியது வேறு கதை.

கோகாவில் மேடையையும் கரையையும் சேர்க்கிற பாலத்தின் கீல் எப்படிப் பூட்டியிருக்கிறார்கள் என்று பக்கத்தில் போய்ப் படம் எடுத்து அனுப்பு. இங்கே மீனவர் சங்கத்து ஆட்கள் அதைத்தான் கேட்பார்கள். அந்தோணியார் திருவிழாவுக்கு வருகிறாயா இல்லையா என்பதையும் எழுது, அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

உன்,
சவரிமுத்து