நிக்கும்போது விழுந்த வண்டி

காரைக்குடி
ஞாயித்துக்கிழமை மத்தியானம்

மாப்ள,

உன் மெயிலப் பாத்து பத்து நாளாச்சு, பதில் போடலன்னு கோச்சுக்காத. ஆத்தாவுக்கு முட்டி ஆபரேசன் முடிஞ்சு வீட்டுக்கு வந்துட்டாங்க, இப்ப வாக்கர் வச்சுக்கிட்டு முகப்புலேருந்து வளவு வரைக்கும் நடக்குறாங்க, நடந்துக்கிட்டே ரெண்டாங்கட்டு அடுப்புல என்ன தீயுதுன்னு அங்கேருந்து ஒரு சத்தம், அப்ப நல்லாத்தான் இருக்காங்கன்னு வச்சுக்க. மழைக்கு முன்னாடி மேல ஓடு மாத்துற வேலையும் நடக்குது, வீடு முழுக்க தூசி.

உன் புது பைக்கு ஹிமாலயன் 450 போட்டோ பாத்தேன். அந்த கருப்பு கலர் நல்லாருக்குடா, கண்ணு பட்டுரும், ஒரு எலுமிச்சம்பழத்தக் கட்டித் தொங்கவிடு. ஆனா கடைசியில ஒரு வரி எழுதிருந்த பாத்தியா, "கிராஷ் கார்டு வேணுமா, நான் என்ன ரேஸா ஓட்டப்போறேன்"னு, அதுக்குத்தான் இம்புட்டு நீளமா எழுத உக்காந்திருக்கேன். கார்டுன்னா வண்டி சாஞ்சா இஞ்சின் தரையில படாம தாங்குற இரும்புப் பைப்புதான். ரேஸ் ஓட்டுறவன் வண்டி விழுறதவிட நம்மள மாதிரி ஆளுக வண்டி பெட்ரோல் பங்குலயும் வீட்டு வாசல்லயும் சும்மா நிக்கும்போது விழுறதுதான் ஜாஸ்தி.

என் கதையவே சொல்றேன், இத நான் யார்கிட்டயும் முழுசா சொன்னதில்ல. போன ஐப்பசியில கானாடுகாத்தான்ல ஒரு கல்யாணம். என் பழைய ஹிமாலயன் 411ல டேங்க் ஃபுல், பின்னாடி பெட்டியில தேன்குழல் டின்னு ரெண்டு, மனகோலம் டின்னு ஒண்ணு, ரெண்டு பக்கமும் பேக்கு. முதநாள் ராத்திரி மழை. அந்த ஊர்த் தெரு எவ்வளவு அகலம்னு உனக்கே தெரியும், லாரியே திரும்பலாம், நான் என்னடான்னா ஒரு வீட்டு வாசல்ல யூ டர்ன் அடிச்சேன், நடுவுல ஒரு ஆட்டுக்குட்டி ஓடி வந்துச்சு, ஹேண்டில் இடது பக்கம் முழுசா திரும்பி இருக்கும்போது முன்பிரேக்கப் புடிச்சிட்டேன். அவ்வளவுதான். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன்பிரேக்கு புடிச்சா மொத்த கனமும் திரும்புன பக்கமே சாயும், பின்பிரேக்க லேசா மிதிச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. இடது கால ஊணுனேன், கால் வச்ச எடத்துல தரை இல்ல, தண்ணி ஓடுற வாய்க்கா. வண்டி அப்படியே மெதுவா, யாரோ படுக்க வச்ச மாதிரி சாஞ்சுச்சு.

நான் செஞ்ச முட்டாள்தனம் என்னன்னா புடிச்சு நிறுத்தப் பாத்தேன். வண்டி மட்டும் 200 கிலோ கிட்ட, டின்னு பேக்கெல்லாம் சேத்தா 230 தொடும். நேரா நிக்கும்போது ஒரு விரல்ல புடிக்கலாம், கொஞ்சம் சாஞ்சா ரெண்டு கையால தாங்கலாம், அதுக்கு மேல போயிருச்சுன்னா பீமன் வந்தாலும் நடக்காது. மூணு வாரம் இடுப்பப் புடிச்சுக்கிட்டு திரிஞ்சேன். விட்டுட்டு ஒதுங்கிருந்தா லீவரோட போயிருக்கும்.

நாலு பேரு வந்து தூக்குனாங்க. திண்ணையில உக்காந்திருந்த ஒரு ஐயா, "நிக்கிறப்பவே விழுந்துருச்சு, ஓடுறப்ப எப்புடி தம்பி?"னு கேட்டாரு பாரு, வண்டி அடிய விட அதுதான் வலிச்சுச்சு. கிளட்ச் லீவர் பாதியில முறிஞ்சு போச்சு. கியர் லீவர் உள்ள மடங்கி, இஞ்சினோட பக்கத்து மூடி இருக்கே மேக்னட் கவரு, அதோட ஒட்டிக்கிச்சு, ஷூ நுனிய நுழைக்க எடமில்ல. கவர்ல ஒரு கீறல் மட்டும், நல்லவேளை ஓட்டை விழல, விழுந்திருந்தா ஆயில் பூரா அங்கேயே போயிருக்கும். டேங்க்ல ஒரு கோடு கூட இல்ல, ஆனா வண்டி நகராது. அன்னைக்குத்தான் புரிஞ்சுச்சு, பெயிண்டு போனா வீட்டுக்கு வந்துரலாம், லீவர் போனா வர முடியாதுன்னு. கல்யாண வீட்டுல தேன்குழல் மாவாத்தான் எறங்குச்சு.

அடுத்த வாரம் ஒரு காரியம் பண்ணேன், நீயும் கண்டிப்பா பண்ணு. பழைய இலவம்பஞ்சு மெத்தைய வாசல்ல போட்டு, பெட்ரோல கொறச்சுட்டு, மூணு பேரா புடிச்சு வண்டிய மெதுவா அதுமேல படுக்க வச்சோம். கீழ குனிஞ்சு பாத்தா எது எது மொதல்ல தரையில படுதுன்னு பளிச்சுன்னு தெரியும். எனக்கு ஹேண்டில் நுனி, ஃபுட்ரெஸ்ட், பின்னாடி பேக் மாட்டுற ஃப்ரேம், நடுவுல கியர் லீவர் தரைக்கு ஒரு விரக்கடை கூட இல்ல. கார்டு மாட்டிட்டு இன்னொரு தடவ படுக்க வச்சப்ப மூணு கல்லு அடுப்பு மாதிரி ஹேண்டில், கார்டு, பின் ஃப்ரேம் மூணுலயும் கனம் உக்காந்துச்சு, இஞ்சின் அந்தரத்துல நிக்குது. அந்த இடைவெளிக்குத்தான்டா காசு. தெருவுல போறவங்க வண்டிக்கு என்ன ஒடம்பு சரியில்லையான்னு கேட்டுட்டுப் போனாங்க.

ஆனா கார்டுன்னு எதையாவது வாங்கிராத. நான் மொதல்ல ஆன்லைன்ல ஒண்ணு வாங்குனேன், பாக்க பளபளன்னு இருந்துச்சு, மெல்லிசு பைப்பு, ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு போல்ட்டு. குன்றக்குடி மலையடிவாரத்துல சரளைக்கல்லுல ஒரு தடவ சாஞ்சதுக்கே உள்ள மடங்கி அந்த கார்டே போய் இஞ்சின் கேசிங்க இடிச்சிருச்சு, போல்ட்டும் வளைஞ்சு போச்சு, அத கழட்ட அரை நாள். பட்டறைக்காரரு பாத்துட்டு, ரெண்டு பக்கத்து பைப்பையும் இஞ்சினுக்கு அடியில ஒரு குறுக்குப் பைப்பு வச்சு இணைச்சிட்டு, மேல இன்னொரு எடத்துலயும் புடிக்க வச்சாரு. இப்ப ஒரு பக்கம் அடி விழுந்தா இன்னொரு பக்கமும் சேந்து தாங்குது. கார்ட கழட்டி எடுத்துட்டு வந்தாத்தான் வெல்டு வைப்பேன், வண்டியில வச்சு அடிச்சா எலக்ட்ரிக்கல் போயிரும்னு கறாரா சொல்லிட்டாரு. சரியான ஆளு. கார்டுக்குப் பதிலா ஒத்தப் போல்ட்டுல நிக்கிற ஸ்லைடர் உருண்டையெல்லாம் நம்ம கனத்துக்கு எனக்கு நம்பிக்கை இல்ல. உனக்கு முன்னாடி ரேடியேட்டர் வேற இருக்கு, என்னோடதுல ஆயில் கூலர்தான், அதனால கார்டு ரேடியேட்டர விட வெளிய நீட்டி நிக்குதான்னு பாத்து வாங்கு.

கார்டுல நம்ம ஊர் புல்லட்காரங்க மாதிரி ஊதா நைலான் கயிறு சுத்திக்கலாம், கீறல கயிறு வாங்கிக்கும். அசிங்கமா இருக்குன்னு உன் வீட்டுக்காரி சொல்லுவா, சொல்லட்டும். ஆனா மழைக்காலம் முடிஞ்சதும் அவுத்துப் பாரு, உள்ள தண்ணி தேங்கி துருப்புடிக்கும், எனக்குப் புடிச்சுச்சு.

ஹேண்டில்ல கைக்கு முன்னாடி மாட்டுற ஹேண்ட்கார்டு வெறும் பிளாஸ்டிக்குன்னா காத்துக்குத்தான் ஆவும், உள்ள அலுமினியப் பட்டை இருந்து அது ஹேண்டில் நுனியிலயும் நடுவுலயும் ரெண்டு எடத்துல புடிச்சிருக்கணும். லீவருக்கு ஒரு வித்தை இருக்கு, காசே இல்ல. லீவர் கிளாம்ப கழட்டி அடியில பிளம்பர் சுத்துவான்ல வெள்ளை டெஃப்லான் டேப்பு, அத நாலு சுத்து சுத்திட்டு, ஓட்டும்போது ஆடாத அளவுக்கு மட்டும் முடுக்கு. விழுந்தா லீவர் முறியாம சுத்திக்கும், கையால திருப்பி விட்டுட்டு போயிரலாம். அப்பறம் கிளட்ச் லீவர், பிரேக் லீவர் ஒவ்வொண்ணு சீட்டுக்கு அடியில டை போட்டு கட்டி வை. வளைஞ்ச அலுமினியத்த நிமித்தணும்னு பாக்காத, பட்டுன்னு போயிரும்.

சைடு ஸ்டாண்டு தனிக் கதை. சித்திரை வெயில்ல தார் இளகி ஸ்டாண்டு உள்ள எறங்கும், மழையில ஊருணிக்கரை செம்மண்ணு இருக்கே கேக்கவே வேணாம். பழைய வீட்ட இடிச்சப்ப மிஞ்சுன பர்மா தேக்குத் துண்டு ஒண்ணு உள்ளங்கை அளவு வெட்டி, ஓட்டை போட்டு கயிறு கட்டி வச்சிருக்கேன். ஸ்டாண்டுக்கு அடியில போட்டுட்டு கயிற ஹேண்டில்ல மாட்டிருவேன், கிளம்பும்போது குனியாம இழுத்துக்கலாம். எங்க கொள்ளுத்தாத்தா ரங்கூன்லேருந்து கப்பல்ல கொண்டாந்த மரம், இப்ப என் வண்டிக்கு முட்டுக் குடுக்குது. சரிவுல நிறுத்துனா முதல் கியர்ல போட்டு நிறுத்து.

விழுந்துருச்சுன்னா மொதல்ல இஞ்சின நிறுத்துற கில் சுவிட்ச்ச அமுக்கு. வலது பக்கம் விழுந்திருந்தா தூக்குறதுக்கு முன்னாடியே ஸ்டாண்ட எறக்கி விடு, இல்லன்னா தூக்குற வேகத்துல அந்தப் பக்கம் போய் விழும், அத நானே பாத்திருக்கேன். கியர்ல போட்டு, ஹேண்டில தரைப்பக்கம் முழுசா திருப்பி, சீட்டுக்கு முதுகு காட்டி குத்தவச்சு உக்காந்து, ஒரு கை ஹேண்டில்ல ஒரு கை பின் கம்பியில, சின்னச்சின்ன அடியா பின்னாடி நட. கால்தான் தூக்கணும், இடுப்பு இல்ல. சைலன்சர்ல மட்டும் கை வச்சிராத. தூக்குனதும் ஸ்டார்ட் ஆகலன்னு பயப்படாத, சாஞ்சா இஞ்சின நிறுத்துற சென்சார் இருக்கு, சாவிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. ரெண்டு நிமிசம் விட்டுட்டு, கீழ ஆயில் சொட்டுதான்னு பாத்துட்டு அடி.

உன் சீட்டு உயரம் 825 மில்லி, உன் உயரம் எனக்குத் தெரியும், அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. கனத்த சாமானெல்லாம் கீழ வை, பின் பெட்டியில துணி மட்டும். ரெண்டு பக்கமும் இரும்புப் பெட்டி வேணாம், துணிப் பேக்கே மாட்டு, காலு அடியில மாட்டுனா எலும்பாச்சும் மிஞ்சும்.

தையில தனுஷ்கோடி போறோம்ல, 2017ல அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டுட்டாங்க, ஆனா ஓரமெல்லாம் மணல்தான், அங்க நீ போட்டோ எடுக்க எறங்குவ, உன் வண்டி படுக்கும். தேக்குத் துண்டு இன்னொண்ணு இருக்கு, உனக்கும் ஓட்டை போட்டு வைக்கவா? திருமயம் வந்ததும் போன் அடி, நான் பைபாஸ்ல நிக்கிறேன். கும்மாயம் கிண்டுனா அவன் இன்னும் அடிச்சட்டிய வழிப்பானான்னு ஆத்தா கேக்குறாங்க.

உன்
மாப்ள