மேடிசன் சொன்னதும் மார்க்ஸ் சொன்னதும்

அன்பு மகளுக்கு,

உன் கட்டுரையைப் படித்தேன். சுதந்திரம் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய ஜெபர்சனுக்கு, சமத்துவம் மார்க்சுக்கு என்று முதல் பத்தியிலேயே பாகம் பிரித்துவிட்டாய். சொத்துத் தகராறு அவ்வளவு சுலபமாகத் தீராது, அம்மா.

அமெரிக்க அரசியல் சட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசன், அந்தச் சட்டத்தை ஆதரித்து வந்த ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் பத்தாவதாக 1787இல் எழுதியதை நிதானமாகப் படி. சொத்து சமமின்றிப் பங்காகியிருப்பதுதான் சமூகப் பிளவுகளுக்கு என்றும் நீடித்த காரணம் என்கிறார். உள்ளவன், இல்லாதவன், கடன் கொடுத்தவன், வாங்கியவன் என்று அடுக்குகிறார். பெயரை மறைத்துக் காட்டினால் எங்கள் தொழிற்சங்கத் தோழர்கள் இதை மார்க்ஸ் என்றே சொல்வார்கள். மார்க்ஸ் பிறந்ததோ 1818இல்!

அடுத்த அடியில்தான் இருவரும் பிரிகிறார்கள். மேடிசன் பார்வையில், பிளவின் காரணத்தை ஒழிக்கப் போனால் சுதந்திரமே போய்விடும். விளைவை மட்டும் கட்டுப்படுத்தலாம். நாடு பெரிதாக, தரப்புகள் பலவாக இருந்தால் எந்த ஒன்றும் மற்றவரை நசுக்க முடியாது என்பது மேடிசன் கணக்கு. கடன் தள்ளுபடி, சொத்தைச் சமமாகப் பிரிப்பது போன்ற கோரிக்கைகள் அவருக்குத் தீய திட்டங்கள். மார்க்சோ காரணத்தையே, அதாவது முதலாளித்துவத் தனியுடைமையையே, ஒழிக்கச் சொன்னார். ஒழித்தபின் ஆட்சியில் அமர்பவரை யார் தடுப்பது என்ற கேள்விக்கு அவரிடம் மேடிசன் அளவுக்கு விடை இல்லை. சங்கத்தில் இதைச் சொன்னால் இன்றும் கோபிக்கிறார்கள்.

ஜெபர்சனையும் அவசரப்பட்டு ஒரு பக்கம் ஒதுக்காதே. 1785இல் பிரான்சின் ஃபொந்தேன்ப்ளோ அருகே ஓர் ஏழைப் பெண்ணோடு பேசிக்கொண்டே நடந்தார். அவளுக்கு நாள்கூலி 8 சூ (பிரெஞ்சுச் சில்லறைக் காசு), இரண்டு பிள்ளைகள், வீட்டு வாடகைக்கே 75 நாள் கூலி போய்விடும், பல நாள் வேலையே கிடைக்காது. பிரியும்போது 24 சூ கொடுத்தார், அவள் அழுதுவிட்டாள். பிறகு மேடிசனுக்கு எழுதிய கடிதத்தில், சிறு சொத்துக்கு வரி வேண்டாம், பெரிய சொத்துக்குப் படிப்படியாக வரி ஏறட்டும் என்றார். 1848இன் கம்யூனிஸ்ட் அறிக்கையும் ஏறுமுக வருமான வரி கேட்கிறது. இப்படி இரங்கிய மனிதர் தம் பண்ணையில் அடிமைகளை வைத்திருந்தார் என்பதையும் எழுது. மேடிசனும் அப்படித்தான். அவருடைய பல தரப்புகளில் அடிமைகள் ஒரு தரப்பாகவே சேரவில்லை.

1864இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் லிங்கன் மீண்டும் வென்றபோது, பல நாட்டுத் தொழிலாளர்களின் அமைப்பான அகிலத் தொழிலாளர் சங்கத்தின் வாழ்த்து மடலை எழுதியவர் மார்க்ஸ். மனித உரிமைகளின் முதல் பிரகடனம் பிறந்த மண் என்று அமெரிக்காவை அதில் புகழ்கிறார். லிங்கன் சார்பில் பதில் எழுதிய, லண்டனில் இருந்த அமெரிக்கத் தூதர், அமெரிக்காவின் இரண்டாம் ஜனாதிபதி ஜான் ஆடம்சின் பேரன். இந்த மடலை உன் கட்டுரையில் எந்தப் பக்கம் வைப்பாய்? அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அப்பா