திரையின் அகலத்தைப் பார்த்து ஜி.பி.எஸ். வாங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குச் சுற்றுலாப் பயணிகளை வேனில் அழைத்துச் செல்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். வாகனத்தில் பொருத்தும் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவை வாங்கச் செல்லும்போது, கடைக்காரர்கள் திரை எத்தனை அங்குலம் என்பதை விளக்குகிறார்களே தவிர, அதனுள் இருக்கும் ஜி.பி.எஸ். ரிசீவர் எந்தெந்தச் செயற்கைக்கோள்களின் சிக்னலைப் பெறும் என்று சொல்வதில்லை. வாங்குகிறவர்களும் கேட்பதில்லை.

வாகனம் இருக்கும் இடத்தைக் கணிக்கக் குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னல் வேண்டும். ஆழியாறைத் தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது பாதி வானத்தை மலையே மறைத்துவிடுகிறது. ஆகவே அமெரிக்க ஜி.பி.எஸ்.ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ, நமது நாவிக் ஆகிய செயற்கைக்கோள் தொகுதிகளின் சிக்னலையும் சேர்த்துப் பெறும் ரிசீவரே இத்தகைய சாலைகளுக்கு ஏற்றது. செயற்கைக்கோள்கள் சிக்னல் அனுப்பும் அலைவரிசைகளில், வழக்கமான எல்1 உடன் எல்5 என்பதையும் அந்த ரிசீவர் பெறுமானால், பாறையில் பட்டுத் திரும்பி வரும் சிக்னலால் நேரும் பிழை குறையும்.

கைப்பேசியே போதும் என்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். செயற்கைக்கோள்களின் பாதை விவரங்களைக் கைப்பேசி இணையம் வழியாக நொடிகளில் பெற்றுக்கொள்கிறது. டவர் கிடைக்காத காட்டுப் பகுதியில் அவ்விவரம் வானிலிருந்தே வர வேண்டும், ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் அதை நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் அனுப்புகிறது என்பதால், திறந்த வெளியிலேயே ஏறத்தாழ 30 நொடிகள் ஆகும், மரங்களுக்கடியில் இன்னும் தாமதமாகும். வரைபடத்தையும் முன்பே இறக்கி வைக்காவிட்டால், இடம் தெரிந்தாலும் திரையில் சாலை தெரியாது.

சென்ற ஆண்டு பனிமூட்டமான ஓர் இரவில், நான் மேல் சாலையில் சென்றுகொண்டிருக்க, திரையிலிருந்த அம்புக்குறி கீழ் வளைவுக்குத் தாவித் தாவி வந்தது. வண்டியில் குழந்தைகள் இருந்தார்கள். அன்று பட்ட பதற்றம் இன்னும் நினைவில் இருக்கிறது. பிறகு பிரித்துப் பார்த்தபோது, பொருத்திய கடைக்காரர் ஜி.பி.எஸ். ஆன்டெனாவை ஸ்டீரியோவுக்குப் பின்னால் இரும்புத் தகடுகளுக்கு நடுவே செருகி வைத்திருந்தது தெரிந்தது. அதை முன்கண்ணாடியை ஒட்டி, வானம் பார்க்கும்படி மாற்றிய பின் அக்குறை பெருமளவு தீர்ந்தது. நல்ல ரிசீவரும் தவறாகப் பொருத்தினால் பயன் தராது என்பதை வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும்.

எனவே, ரிசீவர் பெறும் செயற்கைக்கோள் தொகுதிகள், அலைவரிசைகள், ஆன்டெனாவைப் பொருத்த வேண்டிய இடம் ஆகியவற்றைப் பெட்டியின் மீது தமிழிலும் அச்சிடுமாறு தயாரிப்பாளர்களுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் மத்திய நுகர்வோர் விவகார அமைச்சகம் உத்தரவிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வேன் ஓட்டுநர் ஒருவர்,
பொள்ளாச்சி.