பூசணத்தை விடுங்கள், உப்பைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலப் பூசணம் வளர்த்துச் செய்யும் பாலாடைக்கட்டியான புளூ சீஸ் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையையும், அதை மறுத்து இந்த இதழில் ஒரு வாசகர் எழுதிய கடிதத்தையும் அடுத்தடுத்துப் படித்தேன். கட்டுரையாளர் அதை மருந்துப் பெட்டியில் வைக்கிறார். கடிதக்காரர் குப்பைக்கூடையில் போடுகிறார். இருவர் கண்ணிலும் பட்டது அந்த நீலப் பூசணம் மட்டுமே. பதினைந்து ஆண்டுகளாக ரத்த அழுத்த மாத்திரையையும் விடாமல், இந்தச் சீஸையும் விடாமல் காலம் தள்ளுகிறவன் நான். இருவரும் தொடாத உப்பைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு.

முதலில் பூசணத்தை முடித்துவிடுகிறேன். பெயர் பெனிசிலியம் ராக்ஃபோர்ட்டி. வளர அதற்குக் காற்று வேண்டும். அதனால்தான் சீஸ் உருளைகளை நீண்ட ஊசிகளால் குத்தி வைக்கிறார்கள். ஒரு துண்டைக் குறுக்காக வெட்டினால், சில இடங்களில் நீலம் கோடு கிழித்தாற்போல் நேராக இறங்கியிருக்கும். அது ஊசி போன தடம். பெனிசிலின் மருந்து கிடைப்பது இதன் பங்காளிப் பூசணத்திலிருந்து. ஆகவே 'ஒரு துண்டு தின்றால் ஆன்டிபயாடிக் எடுத்த பலன்' என்று கட்டுரையில் வந்தது தவறு. 'கெட்டுப்போன பண்டம்' என்ற கடிதக்காரரின் கோபமும் பொருந்தாது. இது தெரிந்து, தேர்ந்து வளர்த்த பூசணம். ரொட்டியில் தானாகப் பூப்பதற்கு இந்தச் சலுகை கிடையாது. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் சுரங்கத்தில் சுமார் 2,700 ஆண்டுப் பழமையான மனிதக் கழிவை ஆராய்ந்தவர்கள், அதில் இதே பூசணம் இருந்ததாக 2021இல் அறிவித்தார்கள். அது உப்புச் சுரங்கம் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஏனென்றால் வழக்கே உப்பின் மீதுதான். வேண்டாத கிருமிகள் பல தாங்காத உப்பை இந்தப் பூசணம் தாங்கிக்கொள்ளும். உப்பைக் கூட்டினால்தான் மற்றவை ஒதுங்கி இதற்கு இடம் கிடைக்கும். சமையலறைத் தராசில் 30 கிராம் நிறுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய ஒரு தீப்பெட்டி அளவு. சாதாரண புளூ சீஸ் என்றால் அதில் உப்பின் கூறான சோடியம் சுமார் 340 மில்லிகிராம் இருக்கும். செம்மறியாட்டுப் பாலில் செய்யும் ராக்ஃபோர்ட் என்ற புளூ சீஸில் அது 500ஐத் தாண்டும். நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராமுக்குக் கீழே நிற்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தீப்பெட்டிக்குள் நாள் கணக்கில் கால் பங்கு போய்விடுகிறது! அதே துண்டில் 150 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் 6 கிராம் புரதமும் உண்டு என்பதை மறுக்கவில்லை. கூடவே 5 கிராமுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பும் வருகிறது.

இதற்காக நான் சீஸை விட்டுவிடவில்லை. இதன் காரமே நமக்குக் காவல். சப்பென்ற சீஸை நாலு வில்லை தின்கிறவர்கூட இதில் சுண்டுவிரல் நுனியளவோடு நிறுத்திக்கொள்வார். பேரிக்காய்த் துண்டுகள் மேல் உதிர்த்துக்கொள்வேன். சூப்பில் கரைத்தால் அந்தச் சூப்புக்குத் தனியாக உப்புப் போடமாட்டேன். என் மாத்திரையின் அளவு கூடாமல் இருப்பதற்கு இது மட்டும் காரணம் என்று சொல்ல நான் மருத்துவர் இல்லை.

கட்டுரையில் எனக்கு உண்மையில் கோபம் வந்த இடம் வேறு. 'அனைவரும் தினமும் சாப்பிடலாம்' என்று எழுதிவிட்டீர்கள். கர்ப்பிணிகள் மென்மையான புளூ சீஸை அப்படியே சாப்பிடக் கூடாது. லிஸ்டீரியா என்ற கிருமி குளிர்பெட்டியிலும் பெருகும், கருவைத் தாக்கும். ஆவி பறக்கச் சமைத்தால் அந்தப் பயம் இல்லை. மனச்சோர்வுக்கு எம்.ஏ.ஓ.ஐ. வகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் இது ஆகாது. பழுத்த சீஸில் உள்ள டைரமின் என்ற பொருள் அவர்கள் உடலில் சிதையாமல் தங்கி, ரத்த அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றிவிடும். இந்த இரண்டையும் அடுத்த இதழில் திருத்தமாக, கட்டுரை வந்த அதே பக்கத்தில், கண்ணில் படும் எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்